என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த ஆபரேஷன்

என் உடம்பிலிருந்து இரண்டு சாமான்களை வெட்டி எடுத்தார்கள். அது டாக்டருக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். என் பெண்டாட்டிக்குத் தெரியும். சாலைக் கடைத்தெருவில் என் கடைக்கு எதிரே வெற்றிலை விற்கிற வேலப்பனுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஆள் ஒரே ஒருவன். அவன்தான் மேசைமேல் படுத்துக் கிடந்தான்.

என் பெயர் அணஞ்சபெருமாள். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து வாழைக்குலை வியாபாரம் செய்கிறவன். பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததெல்லாம் விசேஷ நாளில் வாழை கட்டுவதற்குத்தான். எழுத்து, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தது. அதனால் பெரிய வார்த்தைகள் வராது. ஆனால் நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகப் போகிறவன் ஒருத்தன் எங்கேயோ இருப்பான். அவனிடமும் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவனுக்காகச் சொல்கிறேன். மரியாதையாகச் சொல்ல என்னால் முடியாது. கோபம் இன்னும் ஆறவில்லை.

மகாராஜாவின் ராஜ்யம் போய்த் திருக்கொச்சி என்று ஆன பிறகு நடந்தது இது. முதலில் மூத்திரம்தான் தகராறு செய்தது. போய் நின்றால் வராது. திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தால் வருகிற மாதிரி இருக்கும். மறுபடி ஓடுவேன். என் கடைக்குப் பின்னாலிருக்கிற மதில் சுவருக்கும் எனக்கும் அந்த ஒரு வருஷத்தில் உண்டான நெருக்கம் என் பெண்டாட்டியோடுகூட உண்டானதில்லை. கடைத்தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். "நம்ம குழாய்க்கும் முனிசிபாலிட்டிக் குழாய்க்கும் ஒரே நேரம்வே, எப்ப வரும்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்று நானே சொல்லித் திரிந்தேன்.

ஓணத்துக்கு முந்தைய நாட்கள். ஏத்தன் வாழைக்குலை வண்டி வண்டியாக இறங்குகிறது. அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மத்தியானம் ஆனபோது அடிவயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை. வேலப்பன்தான் குதிரைவண்டி பிடித்து என்னைத் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

அங்கே ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டார்கள். எங்கே விடுவார்கள் என்று கேட்கக் கூடாது, வேறு வழி ஏது? விடும்போது அலறினேன். விட்ட பிறகு அது பாட்டுக்குப் போத்தலில் இறங்கிற்று. அப்படி ஒரு சுகம். "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் இல்ல பவதி" என்றேன், மூச்சிறைக்க ஓடி வந்த என் பெண்டாட்டியிடம். பகவதி என்பதை நான் பவதி என்றுதான் கூப்பிடுவேன். அவள் நர்ஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வந்தார். மலையாளி, சீமையில் படித்தவர், தமிழர்களிடம் பாதித் தமிழில் பேசுவார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கச் சொன்னார். கையுறை மாட்டினார். விரலைப் பின்பக்கமாக விட்டார். "டாக்டரே, தொண்டையில ஒண்ணுமில்ல, பாத்துக்கிடும்" என்றேன். கூட நின்ற மாணவப் பையன்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அடுத்த நொடி அவர் விரல் ஒரே இடத்தில் நின்றது.

அவர் எதைத் தொட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்களாவது இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மூத்திரப் பைக்கு அடியில், ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், பாக்கு அளவில் ஒரு சதை இருக்கிறது. ப்ராஸ்டேட் என்று பெயர். அதன் நடுவிலேதான் மூத்திரக் குழாய் போகிறது. வயசானால் அது கொஞ்சம் வீங்கும், அது பலருக்கும் உள்ளது. ஆனால் பொதபொதவென்று இருக்க வேண்டியது கல் மாதிரி இறுகிக் கிடந்தால் அது வேறே. எனக்குக் கல்.

ரத்தம் எடுத்தார்கள். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த மேசையில் படுக்க வைத்து இடுப்பை எக்ஸ்ரே பிடித்தார்கள். பிறகு வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் இடதுபக்கம் பவதி, வலதுபக்கம் என் தங்கை மகன் சங்கரலிங்கம், என் கையில் போத்தல். டாக்டர் அறைக்கு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, "காரியம் பறயான் ஆரா உள்ளது? பொறுப்புள்ள ஆள்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொல்லப் பொறுப்பான ஆள் வேண்டுமாம்.

சங்கரலிங்கம் எழுந்தான். "ஞான்தான் சாரே. அனந்தரவன்."

இதை விளக்க வேண்டும். எங்கள் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் அந்தக் காலத்தில் ஒருவன் சொத்து அவன் மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குத்தான் போகும். அந்த மருமகனுக்குத்தான் அனந்தரவன் என்று பெயர். சட்டம் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாக்கு மாறவில்லை. எனக்கு ஒரே மகள், அவளைப் பூதப்பாண்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. சங்கரலிங்கம் சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா, சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிறவன். டாக்டரும் நாயர், அவர் வீட்டிலும் இதே வழக்கம். அனந்தரவன் என்ற ஒரு சொல் போதும். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சங்கரலிங்கம் வெளியே வந்தபோது அவனுடைய எல்லாப் பல்லும் தெரிந்தது. "ஒண்ணுமில்ல மாமா. குடலிறக்கம் மாதிரிதான். சின்னதா ஒரு ஆபரேஷன். ரெண்டு தையல்." பிறகு பவதியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அவள் திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"என்னட்டீ கண்ணு?"

"உள்ளி உரிச்சேன்."

"ஆஸ்பத்திரி வராந்தாவுல ஏதுடீ உள்ளி?"

"காலம்பற உரிச்சது. இப்பதான் எரியுது."

அதைக் கேட்டுச் சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அன்பு. கஞ்சி கொடுத்தால் அதில் நெய் மிதந்தது. ஒரு பீடி ஓசியில் தராத கடைக்காரன்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சங்கரலிங்கம் கச்சேரி முடிந்து நேராக வந்து விசிறி எடுத்து வீசுவான். வேலப்பன் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் என்ன நினைத்தேன்? நாம் இவ்வளவு நல்ல மனுஷன் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

ஆபரேஷன் நாள். முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும், ஆனால் ஆள் முழித்திருப்பான், பேசலாம். நெஞ்சுக்கு நேரே ஒரு துணியைத் திரை மாதிரிக் கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் நான், என் தலைமாட்டில் ஒரு நர்ஸ். கீழே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. வலி இல்லை. எனக்குச் சும்மா கிடக்க முடியாதே. கடைத்தெருக் கதைகளை எடுத்து விட்டேன். கத்திரிக்கோல் சத்தம் கேட்டது. "டாக்டரே, ஆகாததை மட்டும் எடும். நல்லது ஏதாவது கண்ணுல பட்டா அப்படியே விட்டிரும்" என்றேன்.

ஒரு பையன் சிரித்துவிட்டான். சட்டென்று நிறுத்திக்கொண்டான். மற்ற யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் என் நெற்றியில் கை வைத்தாள். நகைச்சுவை எடுபடவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னொன்று சொன்னேன்.

அதை இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. வெட்டியது கிடக்கட்டும். என்னை அங்கே படுக்க வைத்துப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அது.

நாலைந்து நாள் கழித்து அதே நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தையல் இருந்தது. தையலுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. காலியான பை. கையால் தொட்டேன். அறுபது வருஷமாகக் கூடவே இருந்தவர்கள் இரண்டு பேரையும் காணோம்.

"சிஸ்டரே, இங்க ரெண்டு பேரு இருந்தாங்களே, எங்க?"

அவள் கை நின்றது. "நிங்ஙளோடு பறஞ்ஞில்லே?"

"எதச் சொல்லல்ல?"

அவள் சின்னப் பெண். முகம் வெளுத்துவிட்டது. கட்டைப் போட்டாள், தட்டை எடுத்தாள், போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரன் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது!

சாயங்காலம் சங்கரலிங்கம் வந்து விசிறியை எடுத்தான். அதை அவன் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அது போய்ப் பவதியின் காலடியில் விழுந்தது.

"யாரக் கேட்டுலே வெட்டினிய?"

"மாமா, சத்தம் போடாதீங்க. தையல் பிரிஞ்சிரும்."

"பிரியட்டும். உள்ள ஒண்ணுமில்லியே, எதுக்கு மூட்டை கட்டி வச்சிருக்கு? யாரக் கேட்டிய?"

"டாக்டரு பொறுப்புள்ள ஆளு யாருன்னு கேட்டாரு. நான்தானே மாமா…" சட்டைப்பைப் பேனாவைத் திருகினான். "கான்சர் மாமா. இத எடுக்காட்டா கான்சர் படரும்னாரு. ஒங்ககிட்டச் சொன்னா ஒங்களுக்கு நெஞ்சு நின்னுரும்னு பயந்தேன்."

"எனக்கு நெஞ்சு நிக்கும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? சொல்லிப் பாத்தியா?"

பவதி விசிறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவன ஏசாதிய. நான்தான் சொல்லாண்டாம்னேன்."

"நீயா?"

"பின்ன? நீங்க எதச் சொன்னாலும் கேலிதானே பண்ணுவிய. மூத்திரத்துல ரெத்தம் வருதுன்னு அன்னிக்கு நான் பாத்துச் சொன்னேன். 'நேத்து பீட்ரூட் தின்னேன்'னு சொல்லிச் சிரிச்சிய. ஒங்ககிட்ட இதச் சொன்னா ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்க வச்சிட்டு நேரா கடைக்கு ஓடிப் போயிருவிய. பொறவு நான் யாரப் பாத்து அழ?"

அவள் சொன்னதில் பாதி நியாயம். பாதி நியாயம் இருந்தால் கோபம் தணியுமா? இரட்டிப்பாகும். அன்றைக்கு அவர்கள் கொண்டுவந்த கஞ்சியை நான் தொடவில்லை. சொல்லியிருந்தால் சரி என்று நானே கால் அகட்டிப் படுத்திருப்பேன். இரண்டு நாள் அழுதிருப்பேன், ஒருநாள் ஓடியும் போயிருப்பேன், திரும்பி வந்திருப்பேன். அதெல்லாம் என்னுடைய அழுகை. எனக்கு வர வேண்டியது. அதையும் சேர்த்து வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

டாக்டர் பார்வையிட வந்தபோது கேட்டேன். "எல்லாம் பறஞ்ஞிட்டுண்டு, வீட்டுக்காரோடு சோதிச்சோளூ" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எல்லாம் சொல்லியாயிற்றாம், வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். என் கட்டிலில் வீட்டுக்காரரா படுத்திருக்கிறார்கள்?

தையல் ஆறியது. ஆனால் இடுப்பில் ஒரு வலி வந்தது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, யாரோ எலும்புக்குள் இருந்துகொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி. மறுபடியும் எக்ஸ்ரே. மறுநாள் காலை பவதி குளிக்கப் போயிருந்த நேரம் டாக்டர் வார்டு வாசலில் வந்து நின்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சங்கரலிங்கத்தைப் பார்த்து விரலை அசைத்தார். அவன் போனான். இரண்டு பேரும் வராந்தாவில் தலையோடு தலை வைத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். குழாய் இன்னும் மாட்டித்தான் இருந்தது. போத்தலை ஒரு கையில் எடுத்துக்கொண்டேன். இன்னொரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் கட்டியிருந்தது அவிழ்ந்துவிட்டது. அந்தக் கோலத்தில் நடந்தேன். வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்து பார்த்தது. நர்ஸ் "அய்யோ, வீழும்!" என்று பின்னாலேயே வந்தாள். வராந்தாவில் போய் இரண்டு பேருக்கும் நடுவே நின்றேன்.

"மாமா, நீங்க எதுக்கு எழும்பி…"

"வாய மூடுலே. டாக்டரே, நம்ம ரெண்டு பேரு வீட்டுலயும் ஒரே வழக்கம்தானே? ஒரு கேள்வி. அனந்தரவனுக்கு எப்ப அதிகாரம் வரும்?"

டாக்டர் முகம் சுளித்தார். "எந்தா?"

"காரணவன் செத்த பொறவுதானே? மாமன்காரன் உயிரோட இருக்கும்போது மருமகன்காரனுக்கு என்ன அதிகாரம்? ஒம்ம வீட்டுல ஒம்ம மாமன் உக்காந்திருக்கும்போது நீரு போய்க் காரியம் தீர்மானிச்சா விடுவாரா? நான் செத்துட்டேன்னு யாரு ஒம்மகிட்டச் சொன்னது? பாரும், போத்தல்ல இன்னும் வந்துகிட்டுத்தான் இருக்கு."

போத்தலை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். சங்கரலிங்கம் அழுதுவிட்டான். டாக்டருக்கும் கோபம் வந்தது. "ரோகியோடு பறஞ்ஞால் பேடிக்கும். ஆரும் பறயாறில்ல. ஞான் எத்ர பேரைக் கண்டதாணு!" என்று கத்தினார். யாரும் சொல்வதில்லையாம், சொன்னால் பயப்படுவார்களாம்.

"பயப்படுகேன். பயப்பட விடும்வே. என் பயம்தானே?"

டாக்டர் சங்கரலிங்கத்திடம் "நீ போ" என்றார். என் வேட்டியை நர்ஸைக் கொண்டு சரியாகக் கட்டச் சொன்னார். அந்தப் பெஞ்சைக் காட்டினார். "இவிடெ இரிக்கூ." அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னார்.

ஆண்பிள்ளைக்கு மீசையும் குரலும் கொடுக்கிற ஒரு சாரம் அந்த இரண்டு விதையிலும்தான் ஊறுகிறதாம். ப்ராஸ்டேட்டில் வந்த கான்சர் அந்தச் சாரத்தைக் குடித்துத்தான் வளர்கிறது. ஊற்றை அடைத்தால் அது பட்டினி கிடக்கும், சுருங்கும். அதற்குத்தான் வெட்டியது. மேல்நாட்டிலும் இப்போது இதுதான் வைத்தியம். ஆனால் எனக்கு இடுப்பெலும்பில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கிறது. முதல் எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது, அனந்தரவனிடம் அன்றைக்கே சொன்னேன் என்றார். இனி மாத்திரை. பொம்பளைகளுக்கு உடம்பில் ஊறுகிற சாரத்தை மருந்தாகச் செய்தது. அதைத் தின்றால் வலி குறையும். மாரில் வலிக்கும், மார் வளரும், திடீர் திடீரென்று உடம்பு காந்தும்.

"வளந்து?"

"அத்ரதன்னே." அவ்வளவுதானாம்.

"குணமாவுமா?"

"இல்ல." கண்ணைப் பார்த்துச் சொன்னார். "கொஞ்ச காலம் கிட்டும். சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு மூணு நாலு. எனக்கு அறியாது."

எனக்குப் பயம் வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெஞ்சில்தான் என்னை ஒரு மனுஷனாக நடத்தினார்கள். "மாத்திரை தாரும்" என்றேன். "நான் தின்னுகேன். நான் சொன்னேன்னு எழுதிக்கிடும், அவன் சொன்னான்னு எழுதாதயும்." அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பவதி ஈரத் தலையோடு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னை வராந்தாவில் பார்த்ததும் வேகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு என்னிடம் பேசப் பயம், நான்தான் முகம் கொடுக்காமல் இருந்தேனே.

"டாக்டரு வந்தாராமே? என்ன சொன்னாரு?"

நான் போத்தலைக் கால் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

"எப்ப வீட்டுக்குப் போலாம்னு கேட்டியளா? அதான் கெட்டத எல்லாம் எடுத்தாச்சே. இனி சொகந்தானே? இந்த இடுப்பு வலி படுத்தே கெடந்ததுனால வந்ததுன்னு சங்கரலிங்கம் சொன்னான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரியாது. தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அவன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதியை அந்தப் பேனாக்காரன் தனியாகச் சுமந்துகொண்டு தினமும் வந்து விசிறி வீசியிருக்கிறான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரத்தில் சிகைக்காய்த் துணுக்கு ஒட்டியிருந்தது. "ஆமாட்டி, வாய்வுதான், தைலம் தேச்சாப் போயிரும்" என்று ஒரு பொய் வந்து என் நாக்கில் உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எவ்வளவு சுகமாக உட்கார்ந்தது! யாரும் அதைத் தேடிப் போகவில்லை. தானாகவே வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு பகடியும் வந்து நின்றது, மார் வளரப் போவதைப் பற்றி. நல்ல பகடி. அவள் நிச்சயம் சிரித்திருப்பாள்.

இரண்டையும் விழுங்கினேன்.

"பவதி, எலும்புக்குள்ள போயிட்டு. இனி வெட்டுகதுக்கு ஒண்ணுமில்ல. மாத்திரை தாறாரு. அது வலியக் கொறைக்கும். குணமாவாது. ஒரு வருசமோ நாலு வருசமோ, அவருக்கே தெரியாது."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அழவில்லை.

"இது அவனுக்கு எப்பந் தெரியும்?"

"மொத நாளே."

"மொத நாளேவா?"

"ம்."

"என்கிட்டச் சொல்லல்லியே."

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நாற்பது வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை, என் மேல்கூட.

"எங்க அவன்?" என்றாள்.